சாமிக்கு மேலே பட்டன்

என் அறைக்குக் கீழே சங்கைக் குவித்துவைக்கிற கிட்டங்கி. கடலிலிருந்து சங்கு பளபளவென்று வருவதில்லை, சதையோடு வருகிறது. அந்தச் சதை அழுகிக் கழன்ற பிறகுதான் அது கடையில் வைக்கிற சங்கு. அதுவரைக்கும் வாடை படியேறி வந்து, எனக்கு முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். ஜன்னலைச் சாத்தினால் சங்கு, திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள். காலையில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன்.

உட்கார்ந்து நான் செய்கிற வேலை சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை புரிந்ததில்லை. கல்யாண வீடுகளில் "கம்ப்யூட்டர் வேல பாக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விடுவார்கள். இணையப் பக்கம் என்பது நாம் எழுதி அனுப்புகிற குறிப்பு. அதை வாங்கிப் படித்துத் திரையில் கட்டிக் காட்டுவது பிரவுசர். ஒரே குறிப்பை நாலு கொத்தனாரிடம் கொடுத்து நாலு வீடு கட்டச் சொன்ன கதைதான். ஒருவன் அடுக்களையை வாசலில் வைப்பான். ஒருவன் கதவை வைத்துவிட்டு அது திறக்க இடம் விடமாட்டான். வயசான ஒருவன் இருப்பான், அவனுக்கு ஜன்னல் என்ற சொல்லே தெரியாது; தெரியாது என்று சொல்லவும் மாட்டான், பேசாமல் சுவரை எழுப்பிவிட்டுப் போவான். தமிழ் எழுத்தென்றால் இன்னும் மோசம். மேல்சுழி வெட்டுப்பட்டு, தலையில்லா முண்டங்களாக வரி வரியாக நிற்கும். இங்கே இழுத்து, அங்கே தட்டி, ஒன்றில் நிமிர்ந்தால் இன்னொன்றில் குனிகிற பெட்டிகளைத் திட்டித் திட்டியே என் தலை நரைத்தது.

இந்தத் தொழிலில் எனக்குக் குமட்டுகிற வாக்கியம் ஒன்று உண்டு. "எனக்கு நல்லாத்தானே தெரியுது." பக்கம் உடைந்து கிடக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால், உடையாத தன் திரையைத் தூக்கிக் காட்டி இன்னொருவர் சொல்வது. அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. பார்க்கிறவனுக்குத் தெரிகிறதல்லவா, பார்க்க முடியாதவனின் குறை இனி அவன் பாடு.

லாரிச் சங்கத்துப் பக்கத்தை நான்தான் செய்தேன். துறைமுகச் சாலையில் லாரிப் பேட்டை. அதன் வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. எந்த வண்டிக்கு எப்போது லோடு என்ற முறையை அதில் சாக்கட்டியால் எழுதிவைப்பார்கள். எவனாவது எச்சிலைத் தொட்டு ஓர் எண்ணை அழித்துவிட்டுத் தன் வண்டி எண்ணை மேலே ஏற்றுவான். அப்புறம் சட்டை கிழியும். அந்தப் பலகையை நானே பார்த்திருக்கிறேன், எச்சில் காய்ந்த தடங்கள் நத்தை ஊர்ந்தது போல மினுங்கும். சண்டை தீரட்டும் என்றுதான் முறையை இணையப் பக்கத்துக்கு மாற்றினார்கள். முறை வந்ததும் போனில் மணி அடிக்கும். பக்கத்தைத் திறந்து 'வண்டி ரெடி' என்ற பட்டனைக் கையோடு அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் முறை அடுத்த வண்டிக்குப் போகும். வாயால் சொன்னால் செல்லாது, போன் பண்ணிச் சொன்னாலும் செல்லாது. அது வேண்டியவர் வேண்டாதவர் என்றாகிவிடுமாம்.

வேலையைக் கொடுத்தபோது சங்கச் செயலாளர் இரண்டு நிபந்தனை போட்டார்.

"எம்மா, போர்டு ஆடுமா? ஆடாதுல்லா? அது மாதிரி பக்கமும் ஆடக்கூடாது. வெரல வச்சு மேலயும் கீழயும் தள்ளுத சோலியே இருக்கக்கூடாது. தள்ளுனா நம்பர மாத்திட்டான்னு சண்டைக்கு வருவானுவ."

அது ஒன்று. இன்னொன்று, லாரி முன்கண்ணாடியில் இருப்பது போல உச்சியில் மூன்று படங்கள்: பிள்ளையார், மாதா, பிறையோடு பள்ளிவாசல்.

"மூணும் ஒரே அளவு, ஒரே வரிசை. ஒண்ணு ஒரு நூல் கீழ எறங்கினாலும் பேட்டை ரெண்டாயிரும், பாத்துக்கிடுங்க."

பக்கம் ஆடினால்தான் நல்லது என்று சொல்லிப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆடாமல் செய்து கொடுத்தேன். மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. எல்லோரும் தங்கள் தங்கள் போனில் பார்த்துத் திருப்திப்பட்டார்கள்.

அந்தப் பெண் வந்தது ஒரு முற்பகலில். சங்கு வாடைக்கு மூக்கைப் பொத்தாமல் என் படியேறி வந்த முதல் ஆள் அவள்தான். நாற்பதை ஒட்டிய வயது, எட்டூருக்குக் கேட்கிற குரல். ஒரே ஒரு லாரி. புருஷன் ஓட்டுகிறான், முறை பார்ப்பதும் லோடு பேசுவதும் இவள்.

"ஏக்கா, லாரிச் சங்கத்துப் பக்கம் போட்டது நீங்கதானா?"

"ஆமா."

"மணி அடிக்கி. தொறந்தா பட்டனக் காணோம். கண்ணாடி போட்டும் பாத்துட்டேன், கண்ணாடி போடாமயும் பாத்துட்டேன். எங்கக்கா ஒளிச்சு வச்சிருக்கிய?"

என் போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்தேன். படங்கள், எண்கள், அடியில் பச்சைப் பட்டன். "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்றேன். சொன்ன பிறகு நாக்கில் ஈ உட்கார்ந்தது போல இருந்தது.

"ஒங்களுக்குத் தெரிஞ்சு என்னத்துக்கு? நீங்களா லாரி ஓட்டுதிய?"

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் கீறல் விழுந்த பழைய போன், வாங்கும்போது கூடவே வந்த பிரவுசர். அதைப் புதுப்பிக்கப் பார்த்தேன், முடியாது என்றது. வேறொன்றை ஏற்றப் பார்த்தேன், இடமில்லை என்றது. "வேற போன் மாத்தக்கூடாதா?" என்று கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லா இருக்கத எதுக்குத் தூரப் போடணும்? பேசுது, கேக்குது. அதுக்கு மேல ஒரு போன் என்னத்தச் செய்யணும்? கஞ்சியா காய்ச்சணும்?"

அப்புறம் விஷயத்தைச் சொன்னாள். ஏற்கெனவே வந்த முறைகளைத் தவறவிட்டாயிற்று. தொடர்ந்து விடுகிற வண்டிக்கு லோடில் அக்கறை இல்லை என்று எழுதி, மாதக் கூட்டத்தில் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த மணிக்கும் பட்டன் அமுங்காவிட்டால் அவள் லாரி வரிசையில் இல்லை. வரிசையில் இல்லாத லாரிக்குப் பேட்டையில் நிழல்கூடக் கிடையாது.

"எடுத்தா என் எடத்துக்கு வரதுக்கு யாரு நிக்கா தெரியுமா? செக்ரட்டரி மச்சினன். புது வண்டி வாங்கி, மாலை போட்டு, நிறுத்தி வச்சிருக்கான்."

அவள் போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கட்டுமானம் எப்படிச் சரிந்ததென்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை. படங்களை ஒரே வரிசையில் நிறுத்த நான் எழுதிய வரி அந்தக் கிழட்டுப் பிரவுசருக்குப் புரியவில்லை. புரியாததைத் தாண்டிவிட்டு அது மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டது. பிள்ளையார், அவருக்குக் கீழே மாதா, அதற்கும் கீழே பள்ளிவாசல். திரை முழுக்கத் தெய்வம். அடியில் இரண்டு வண்டி எண்கள் மட்டும் எட்டிப் பார்த்தன. மற்ற எண்களும் பட்டனும் திரைக்குக் கீழே எங்கேயோ பாதாளத்தில் இருந்தன. தள்ளிப் பார்க்கலாமென்றால் பக்கம் ஆடாது. ஆடக்கூடாது என்று ஆணி அடித்தாயிற்று.

எனக்கு வந்தது கோபமில்லை. கோபத்துக்கு ஒரு சுத்தம் உண்டு. இது வேறு, தொண்டையில் கசிகிற ஒன்று. இந்தப் பிரவுசர்களைச் செய்கிறவர்கள் எங்கேயோ குளிர்ந்த அறைகளில் இருந்துகொண்டு, பழையதைக் கழித்துப் போட்டுவிட்டுப் புதியதற்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கழிவு உலகமெல்லாம் சுற்றி, கடைசியில் தூத்துக்குடி லாரிப் பேட்டையில் ஒருத்தி கையில் கரையொதுங்குகிறது. அவள் சோற்றுக்கு நடுவே ஒதுங்குகிறது. நான் அதைக் கூட்டிப் பெருக்க வேண்டும்.

இரண்டு பேருமாகப் பேட்டைக்குப் போனோம். சங்க அலுவலகம் என்பது ஓர் அறை. தீயணைக்க வைத்த சிவப்பு வாளியில் மணல் இல்லை, வெற்றிலை எச்சில்தான் பாதி வாளிக்கு நின்றது. மின்விசிறி அதன் வாடையை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டது. செயலாளர், பொருளாளர், கமிட்டியிலிருக்கும் பாய் ஒருவர், மூன்று பேர் இருந்தார்கள். பழைய போனைச் செயலாளரிடம் நீட்டினேன்.

"இதுல பட்டன் எங்க இருக்கு, பாருங்க அண்ணாச்சி."

அவர் தன் போனை எடுத்தார். "எனக்கு நல்லாத் தெரியுதேம்மா."

"ஒங்க போன்ல தெரியும். இவங்க போன்ல பாருங்க."

பார்த்தார். அவர் முகம் மாறியது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஏலே, இங்கன வா. இந்த அநியாயத்தப் பாரு!" என்று பொருளாளரைக் கூப்பிட்டார்.

பொருளாளர் கழுத்தில் ஜெபமாலை போட்டவர். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மாதாவ எதுக்குடே நடுவுல போட்டு நசுக்கியிருக்கு? பிள்ளையாருக்குக் கீழயா?"

பாய் எட்டிப் பார்த்தார். "எங்களத்தான் அடியில தள்ளியிருக்கு. நான் ஏதும் சொன்னனா?"

"அண்ணாச்சி, பட்டன்..." என்றேன்.

"பட்டன் கெடக்கட்டும்மா! இத எவனாவது படம்புடிச்சு குரூப்ல போட்டான்னா என்ன ஆகும்?"

"மூணு படத்தையும் கொஞ்சம் சின்னதாக்கிட்டா, எல்லாப் போன்லயும் பட்டன் தெரியும்."

"சாமியச் சின்னதாக்கவா?"

"அப்ப பக்கத்த மேலயும் கீழயும் தள்ளுத மாதிரி விட்டுருதேன்."

"ஆடக்கூடாதுன்னு மொதல்லயே சொல்லியாச்சு."

"அப்பம் பட்டனத் தூக்கி மேல வச்சுருதேன். படம் அதுக்குக் கீழ இருக்கட்டும்."

பொருளாளர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சாமிக்கு மேல பட்டனா?"

செயலாளர் எழுந்தே நின்றுவிட்டார். "ரோட்டுக் கடையில புரோட்டா தின்ன கையோட வருவானுவ. சால்னா வெரலக் கொண்டுபோயி எங்க வைப்பான்? சாமி தலைமேலயா? படிச்ச பொம்பள பேசுத பேச்சாம்மா இது?"

பாய் மெல்லச் சொன்னார். "எடுத்தா மூணையும் எடுங்க, இருந்தா மூணும் இருக்கட்டும். எனக்கு ரெண்டும் சம்மதம்."

"நீரு கொஞ்சம் சும்மா இரும் பாய்!"

அதுவரை வாசலில் நின்ற அவள் உள்ளே வந்துவிட்டாள். "யாரு மேல, யாரு கீழன்னு மூணு பேரும் நின்னு பேசுதியளே. நான் எங்க இருக்கேன்னு எவராவது கேட்டியளா? மணி அடிச்சும் அமுக்க முடியாம உக்காந்திருக்கேன் அண்ணாச்சி."

"அதுக்கு நாங்க என்ன செய்ய? எங்க போன்லல்லாம் தெரியுது. ஒன் போன்லதான் சாமிய இந்தப் பாடு படுத்துது." செயலாளருக்கு வழி கிடைத்துவிட்டது, குரல் தணிந்தது. "இந்த மாதிரி போன்ல சங்கத்துப் பக்கத்தத் தொறக்கக்கூடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டுருவோம். என்ன?"

"போடுவோம்" என்றார் பொருளாளர். "ஒரு போன் மாத்த முடியாத ஆளுக்கு லாரி எதுக்கு?"

"லாரி என்னுது. போனும் என்னுது. எத மாத்தணும்னு நாந்தான் சொல்லணும். ஒங்க வேட்டிய மாத்தச் சொல்லி நான் கேட்டனா?"

பாய் சிரிப்பை அடக்க வாளிப் பக்கம் குனிந்தார். செயலாளர் சிரிக்கவில்லை. "அடுத்த முறையும் விட்டேன்னா சங்கம் ஒண்ணும் செய்ய முடியாது. சொல்லிட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் கண் ஜன்னலுக்கு வெளியே போய்வந்தது. அங்கே மாலை வாடிப்போன புது லாரி ஒன்று நின்றது.

திரும்பி வந்து ஜன்னலைச் சாத்தினேன். சங்கு வாடையே தேவலை என்றிருந்தது. அது அழுகுவதை அழுகல் என்று ஒத்துக்கொள்கிற வாடை.

ஒரே பக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். இதற்காகத்தான் இத்தனை காலம் முதுகை வளைத்தேன். என் தொழிலில் எனக்கு மீதமிருக்கிற ஒரே வைராக்கியம் அது. அன்றைக்கு அதைத்தான் கழற்றிக் கீழே வைத்தேன். நினைக்க இப்போதும் கசக்கிறது, ஆனால் வேறென்ன செய்ய? பிரவுசர்களிடம் இப்படிச் சொல்ல வழி இருக்கிறது: இந்த வரிசை முறை உனக்குத் தெரியுமென்றால் படங்களைக் காட்டு. தெரியாதென்றால் காட்டாதே. தெரிந்தவை காட்டும். தெரியாத கிழடுகள் அந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். தெரியாததைப் பற்றி எழுந்து நின்று கத்தாத குணம் அந்த ஓட்டைப் பிரவுசருக்கு இருந்தது. அன்று நான் பார்த்த எவரிடமும் அது இல்லை, பாயைத் தவிர.

அந்த வரியை எழுதினேன். பலகைபோட்டு மறைத்த சந்து மாதிரி இருந்தது, அசிங்கமாக. என்னிடம் வேலை கற்கிற எவராவது இப்படி எழுதியிருந்தால் அடித்து எழுதச் சொல்லியிருப்பேன். சோதித்துப் பார்க்க என்னிடம் கிடந்த, அதே பிரவுசர் உள்ள பழைய போனில் திறந்து பார்த்தேன். உச்சியில் எண்கள், அடியில் பட்டன். என்னுடைய போனில் மூன்று படங்களும் ஒரு நூல் பிசகாமல் அப்படியே நின்றன. எந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குக் குமட்டுமோ, இனி அதை நம்பித்தான் அவள் பிழைப்பு. அவர்கள் எல்லோருக்கும் நல்லாத்தானே தெரியும்.

அந்த வாரத்திலேயே மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பின்னால் லாரி இன்ஜின் இரைச்சல்.

"அக்கா! மணி அடிச்சுது. பட்டன் வந்துட்டு! இட்லித் தட்டு கணக்கா நிக்கி!"

"அமுக்குனீங்களா?"

"அமுக்காம? ரெண்டு தரம் அமுக்கிட்டேன். பேரு ஏறிட்டு. இவுக வண்டிய எடுத்துட்டாவ." சோறு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுமுனையில் குரல் தணிந்தது. "ஆனா அக்கா, சாமி ஒண்ணையும் காணோமே. மாதாவயாவது விட்டு வச்சிருக்கக்கூடாதா?"

"ஒங்க போன்ல மட்டுந்தான் இல்ல. அவங்க போன்ல அப்படியே இருக்கு."

"ஆத்தாடி."

"யார்ட்டயும் காட்டிராதிய. காட்டுனா தீந்துது."

"நான் எதுக்குக் காட்டுதேன்? என் போன எவன் தொடுவான், பாப்போம். அமுக்குறதுக்கு முன்ன கையாலயே ஒரு சிலுவ போட்டுக்கிடுதேன், போதும்லா?"

"போதும்."

அடுத்த மாதம் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். சங்கத்துக்கு ஆண்டு விழா வருகிறதாம், பக்கத்தில் சின்ன மாற்றம். அலுவலகத்துக்குள் போக மனமில்லாமல் பேட்டை வாசலிலேயே நின்றேன். அவரே வெளியே வந்தார். கோட்டு போட்டு எடுத்த புகைப்படம் ஒன்று அவர் போனில் இருந்தது.

"இத நம்ம பக்கத்துல போடணும்மா. சாமிக்குக் கீழ, வண்டி நம்பருக்கு மேல. தெளிவாத் தெரியணும்."

"ஒங்க போன்ல நல்லாத் தெரியும் அண்ணாச்சி" என்றேன். பழைய போனில் சாமிகளை மறைக்கிற அதே வரிக்குள்தான் இந்தப் படமும் போகும் என்பதை அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

அவர் குளிர்ந்துபோனார். அருகே வந்து, வெற்றிலை வாயோடு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொம்பள இப்பல்லாம் மணி அடிச்சதும் பட்டன அமுக்குதாளே, கவனிச்சியளா? அதே போன்தான். அன்னைக்கே சொன்னேன், பக்கத்துல ஒரு கோளாறும் இல்ல. அவளுக்குப் பாக்கத் தெரியல, அவ்வளவுதான். நீங்களும் அவ பேச்சக் கேட்டு, சாமிக்கு மேல பட்டன வைக்கணும்னு வந்து நின்னிய."

என் வாய்க்குள் ஒரு பதில் திரண்டு வந்தது. அவர் போனைப் பிடுங்கி, அவள் போனைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் அவர் மூக்குக்கு நேரே பிடித்தால் போதும். அப்படியே கொட்டியிருப்பேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே வந்தது. முன்கண்ணாடியில் மூன்று படங்கள், ஒரே வரிசை, ஓரத்தில் ஒன்று உரிந்து தொங்கியது. அவள் புருஷன் ஓட்டினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, புருவத்தை மட்டும் தூக்கி இறக்கினாள்.

தார்ப்பாய்க்குள்ளிருந்து நிலக்கரித் தூள் எங்கள் இருவர் மேலும் இறங்கியது. செயலாளர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமா அண்ணாச்சி, பாக்கத் தெரியலதான்" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். பல்லிடுக்கில் தூள் நறநறத்தது.